சுவரொட்டியில் சிற்பம் ஏன் மங்குகிறது?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சன்னலோரம் உட்கார்ந்து சுவர்களைக் கவனியுங்கள். உணவு விடுதி, நகைக்கடை, கற்சிற்பக் கூடம் என்று எத்தனையோ விளம்பரங்கள்! பலவற்றில் எழுத்து பளிச்சென்று இருக்கும். படம் மட்டும் மங்கிக் கிடக்கும். கடற்கரைக் கோயில், அலை அடித்த மணல்வீடுபோல் கரைந்து போயிருக்கும். "அச்சகத்தில் கெடுத்துவிட்டார்கள்" என்பார் கடைக்காரர். என் கருத்து வேறு. பெரும்பாலும் குற்றம் இயந்திரத்தில் இல்லை. அதற்குக் கொடுத்த படத்தில் இருக்கிறது.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து உங்கள் வீட்டு நாட்காட்டிப் படத்தின்மீது வைத்துப் பாருங்கள். சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற செந்நிறம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே நிறப் புள்ளிகள் தெரியும். இருண்ட இடத்தில் பெரிய புள்ளி. வெளிச்சமான இடத்தில் சிறிய புள்ளி. ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் தனித்தனிச் சாய்வில் இருப்பதையும் காணலாம். கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 90 என்பது பழைய வழக்கம். ஏன் இந்தச் சாய்வு? கொசுவலையை இரண்டாக மடித்து விளக்குக்கு எதிரே பிடித்து இலேசாகத் திருப்புங்கள். வலையில் இல்லாத அலைக்கோடுகள் தோன்றும். அதே கோலம் அச்சிலும் தோன்றாதிருக்கவே இந்த ஏற்பாடு. அச்சான சுற்றுலாக் கையேட்டிலிருந்து கோயில் படத்தை நகலெடுத்து மறுபடியும் அச்சிட்டால் முகில்போல் கோடுகள் விழுவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? புள்ளியின்மேல் புள்ளி!

இனி ஒரு கணக்கு. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துணரும். 30 செ.மீ. தூரத்தில் அது ஏறத்தாழ 0.09 மி.மீ. அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால், கையில் பிடித்துப் படிக்கும் தாளில் புள்ளிகள் தனியே தெரியமாட்டா. அச்சகங்களில் "முந்நூறு இருக்கிறதா?" என்று கேட்பது இதனால்தான். ஆனால் அந்த எண்ணை மந்திரம்போல் எல்லா இடத்திலும் ஓதுவதை நான் ஏற்கமாட்டேன். 3 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 30 புள்ளிகளே போதும். தூரத்தைக் கேட்காமல் புள்ளியைக் கேட்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போலத்தான்.

டபுள் கிரவுன் சுவரொட்டி 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம். 300 வேண்டுமென்றால் 6000 × 9000, அதாவது 5 கோடியே 40 இலட்சம் பிக்சல்கள். அருகில் வந்து பார்ப்பவரையும் எண்ணி 150 என்று வைத்துக்கொண்டால் 3000 × 4500 போதும். சாதாரணக் கைப்பேசி எடுக்கும் 3000 × 4000 படம், 20 அங்குல அகலத்தை நிரப்பி, உயரத்தில் 26 அங்குலத்துக்கு மேல் வந்துவிடும். மீதியிடத்தில் கடையின் பெயரை எழுதலாம்!

அப்படியானால் படம் எங்கே கெடுகிறது? வழியில்தான். கடைக்காரர் அதைச் செய்திச் செயலியில் அனுப்புகிறார். செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. நீண்ட பக்கம் 1600 பிக்சலாகக் குறைந்ததென்றால் அங்குலத்துக்கு 60தான் மிஞ்சும். போதாததற்கு, கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் முறை படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி நுண்விவரங்களைக் கழிக்கிறது. அளவு மீறிக் கழித்தால் கட்டங்கள் கண்ணுக்கே தெரியும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். ஒரு பொத்தான் வித்தியாசம். அதற்குப் பலியாவது அச்சுச் செலவு முழுவதும்.

"செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பெரிதாக்கித் தந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். தொலைந்த விவரத்தை அந்த மென்பொருள் மீட்பதில்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. பொரித்த மீனின் படமானால் போகட்டும். மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. சிற்பி மாதக்கணக்கில் உளியால் செதுக்கிய சிலையின் கழுத்தில், அவர் செதுக்காத மணியாரம் ஒன்றை மென்பொருள் சேர்த்தால், வாங்க வருபவர் எதை நம்பி வருவார்? சிற்பியின் கைக்கும் அது நியாயமாகாது.

கோட்டோவியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரையான 'தம்பி'யை எங்கும் பார்த்தோம். அத்தகைய உருவத்தைப் புள்ளிகளாக அன்றி, வளைகோடுகளின் சமன்பாடுகளாகவே சேமித்துவைக்க முடியும். சட்டைப்பொத்தான் அளவானாலும் மாடி உயரமானாலும் விளிம்பு மங்காது. கடையின் சின்னத்தையும் எழுத்தையும் இவ்வாறே கொடுக்கவேண்டும். ஒளிப்படத்துக்கு மட்டுமே பிக்சல் கணக்கு.

நிறத்திலும் ஒரு பிடிவாதம் வேண்டும். திரை ஒளியை உமிழ்கிறது. மையோ தாளில் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது. ஆகவே கைப்பேசியில் மின்னும் கடல்நீலம் தாளில் வராது. கருங்கல்லின் சாம்பல் நிறமோ அதைவிடக் கடினம். மூன்று மைகளில் ஒன்று சற்றுக் கூடினாலும் கல் பச்சை பூசிக்கொள்ளும், அல்லது சிவந்துவிடும். கல்லின் அழகு நிறத்தைவிட நிழலில்தான் இருக்கிறது. நடுப்பகலில் எடுத்தால் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். கிழக்கு நோக்கிய அர்ச்சுனன் தபசுப் பாறையை, காலை வெயில் சாய்வாக உரசும் நேரத்தில் பாருங்கள். ஒவ்வொரு யானையும் பாறையிலிருந்து வெளியே வரும்.

உங்கள் தெருக் கடைக்காரர் அடுத்த முறை சுவரொட்டி போடும்போது, முழுவதையும் அச்சிடுமுன் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அதே தாளில், அதே அளவில் அச்சிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முகம் அல்லது சிலையின் கண் வரும் பகுதியாக இருக்கட்டும். அதைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.