எரிகிற முகத்துக்கு எது ஏற்றது?

நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை, தினந்தோறும் தக்கலைக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறவர். இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்துவிட்டதாம். "சென்னையிலிருக்கும் மைனி, 'வைட்டமின் ஸி' சீரம் ஒரு புட்டி வாங்கி அனுப்பினாள். பூசிய இரண்டாம் நிமிஷமே மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்டாற்போல் எரிந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். பத்து நாள் பொறுத்தேன். இப்போது எரிந்த இடங்களிலெல்லாம் புதிதாகக் கறுப்பு விழுந்திருக்கிறது. இதற்குப் பதிலாக வேறு எதைப் பூசலாம்?" என்று கேட்கிறார்.

ஏதேனும் ஒரு புட்டியின் பெயரைச் சொல்லி இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிவிடலாம். இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சகோதரியின் கடைசி வாக்கியத்துக்கு முந்தியதைப் பாருங்கள். கறுப்பைப் போக்க வந்த பொருள் கறுப்பை உண்டாக்கிவிட்டது. மாநிறமும் கறுப்புமான நம்மவர் சருமத்துக்கு இது ஒரு சுபாவம். வெள்ளைக்காரர் முகத்தில் எரிச்சல் வந்தால் சிவந்து, இரண்டு நாளில் மறைந்து போகும். நம் முகத்தில் வந்தாலோ, எரிச்சல் அடங்கிய பிறகும் அதன் தடம் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். ஆகவே "எரிந்தால் எரியட்டும், வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று கடைக்காரரும் சிநேகிதிகளும் சொல்லும் உபதேசம் நமக்கு உதவாது. அடுத்த புட்டியைத் தேர்ந்தெடுக்குமுன், முதல் புட்டி ஏன் எரித்தது என்று தெரிந்துகொண்டாக வேண்டும்.

வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போடாமல் வைத்தால் கறுத்துப் போகிறதல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு செய்கிற வேலை அது. வெயிலும் புகையும் படும்போது சருமத்துக்குள்ளும் ஏறக்குறைய அப்படிப்பட்ட சேதம் நடக்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் பொருள்களுக்கு 'ஆன்டி-ஆக்ஸிடென்ட்' என்று பெயர். அவற்றில் பிரசித்தி பெற்றது வைட்டமின் ஸி. இதைக் கண்டெடுத்ததற்காக 1937-ல் நோபல் பரிசு பெற்ற ஹங்கேரி தேசத்து ஸென்ட் ஜார்ஜி, அதை மூட்டை மூட்டையாகப் பிரித்தெடுத்தது தம் ஊர் மிளகாயிலிருந்துதான். நம் சகோதரி மிளகாயை உவமை சொன்னது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஆனால் எரிச்சலுக்குக் காரணம் மிளகாய்க் காரமன்று, புளிப்பு. வைட்டமின் ஸி என்பது அஸ்கார்பிக் அமிலம். 2001-ல் அமெரிக்காவில் ட்யூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஷெல்டன் பின்னெலும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இந்த அமிலம் சருமத்துக்குள் நுழைய வேண்டுமானால், திரவத்தின் 'பி.ஹெச்.' அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் முகத்தின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. இந்தக் கணக்கில் ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்புப் பத்து மடங்கு ஏறும். அதாவது முகம் பழகிய புளிப்பைப் போல் சுமார் முப்பது மடங்கு புளிப்பைத் தினந்தோறும் காலையில் பூசிக்கொள்கிறோம். சிலருக்குத் தாங்கும், சிலருக்குத் தாங்காது. அதே ஆராய்ச்சி, நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் வைட்டமின் ஸி சேர்ப்பதால் லாபம் ஒன்றுமில்லை என்றும் காட்டியது. புட்டியின் மேல் 25, 30 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

எல்லா எரிச்சலும் புளிப்பால் வருவதன்று. பூசியவுடன் சுரீரென்று எரிந்து, கால் மணி நேரத்துக்குள் அடங்கினால், அது பெரும்பாலும் அமிலத்தின் வேலை. பூசும்போது ஒன்றுமில்லாமல், மறுநாளோ மூன்றாம் நாளோ அரிப்பும் தடிப்பும் சிறு கொப்புளமும் கண்டால், அது ஒவ்வாமை. அப்போது குற்றவாளி வைட்டமின் ஸியாக இருப்பது அபூர்வம். கூடச் சேர்த்த வாசனைப் பொருளோ, கெடாமலிருக்கப் போட்ட மருந்தோதான் பெரும்பாலும் காரணம். இந்த ஒவ்வாமை வந்தவர் புட்டியை மாற்றினாலும், புதியதிலும் அதே வாசனை இருந்தால் பழைய கதைதான். மூன்றாவது வகை ஒன்று உண்டு: எதைப் பூசினாலும், சில சமயம் வெறும் தண்ணீர் பட்டாலும்கூட எரிகிறது. அங்கே சருமத்தின் மேல் வேலியே பிய்ந்து கிடக்கிறது.

இந்த மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மங்குக்கு என்று ஹைட்ரோக்வினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்பை வைத்தியர்கள் எழுதித் தருவதுண்டு. சில வாரங்களுக்கு, அவர்கள் கண்காணிப்பில் பூச வேண்டிய மருந்து அது. முகம் பளிச்சென்று ஆனதைக் கண்டு, சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் பூசுகிறவர்கள் நம் தேசம் முழுவதும் இருக்கிறார்கள். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அது நாளடைவில் தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2018-ல் இந்திய சர்க்கார் ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தார்கள். வடசேரிச் சகோதரி இப்படிப்பட்ட களிம்பு எதையும் முன்பு பூசியதில்லையென்றால் மிகவும் நல்லது. பூசியிருந்தால், இந்தப் பத்தியில் இனி வரும் யோசனைகளை ஒத்தி வைத்துவிட்டு, நேரே தோல் வைத்தியரிடம் போக வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒன்றும் செய்யாதிருப்பது. மூன்று நாலு வாரத்துக்கு மென்மையான சோப்புத் திரவம் ஒன்று, வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு ஒன்று, வெயிலைத் தடுக்கும் களிம்பு ஒன்று; இவ்வளவுதான். முகம் சமாதானமான பிறகே புதியதைத் தேடலாம்.

புளிப்பு மாத்திரமே குற்றவாளியானால், வைட்டமின் ஸியை அடியோடு கைவிட வேண்டியதில்லை. அதையே புளிப்பு நீக்கிப் பக்குவப்படுத்திய உருவங்கள் கிடைக்கின்றன. புட்டியின் பின்புறத்தில் 'மக்னீஸியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்', 'ஸோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்', 'அஸ்கார்பைல் குளுகோஸைடு' என்று கண்டால் அவைதான். எரிச்சல் குறைவு, சீக்கிரம் கெட்டும் போகா. ஆனால் அசல் அமிலத்தைப் போல் அவை சருமத்துக்குள் இறங்குவதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. சாதுவான மாடு கறக்கும் பாலும் கொஞ்சம் குறைவு.

என் அபிப்பிராயத்தில் நம் சகோதரிக்கு அதைவிட ஏற்றது நியாஸினமைடு. பி வைட்டமின்களில் மூன்றாவது. சோளத்தையே பிரதான உணவாக உண்ட தக்காணத்து ஏழைகளுக்குத் தோல் வெடித்துக் கறுக்கும் 'பெலக்ரா' வியாதி வந்ததை ஹைதராபாத்தில் டாக்டர் ஸி. கோபாலனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1960-ல் எழுதினார்கள். அந்த வியாதிக்கு மருந்தான வைட்டமின் இதுதான். பூச்சாகப் பயன்படும்போது இதற்குப் புளிப்பு வேண்டியதில்லை. நடுநிலையிலேயே வேலை செய்யும். சருமத்தின் வேலியைப் பலப்படுத்தும். கறுப்பு நிறமி மேல் தோலுக்கு ஏறி வருவதையும் ஓரளவு தடுக்கும். மங்கும் எரிச்சலும் சேர்ந்து வாட்டுகிறவருக்கு இரண்டு காரியமும் வேண்டியவைதானே? ஆனால் 4 அல்லது 5 சதவிகிதம் போதும். 10 சதவிகிதப் புட்டிகள் சிலருக்கு மறுபடியும் எரிச்சலைத் தருகின்றன. பச்சைத் தேயிலைச் சத்தும் அதிமதுரச் சத்தும் சேர்ந்த பூச்சுகளும் சாதுவானவையே; என்றாலும் எவ்வளவு சத்து சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பல கம்பெனிகள் சொல்வதில்லை.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்காத கடிதமே கிடையாது. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்க்காதீர்கள். நாம் அஞ்சிய சீரத்தைக் காட்டிலும் அதன் சாறு அதிகப் புளிப்பு. போதாக்குறைக்கு, அச்சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கறுக்கச் செய்யும் பொருளும் அதில் இருக்கிறது. வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து பூசுகிறவர்கள் பலர். அதுவும் சிலருக்கு ஒவ்வாமை தரும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பருவையும் கிளப்பும். கன்னியாகுமரி ஜில்லாக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். கிராம்பெண்ணெயில் ஆன்டி-ஆக்ஸிடென்ட் குணம் நிறைய உண்டு என்பதும் மெய்தான். ஆனால் அதன் உயிரான யூஜினால் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர் பெற்றது. ஆகையால் மாறாமலைக் கிராம்பு ரசத்திலும் பிரியாணியிலும் இருக்கட்டும். நெல்லிக்காயையும் கொய்யாப்பழத்தையும் தாராளமாகச் சாப்பிடலாம். பூச்சு எரித்தது என்பதற்காக வாயையும் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பெரிய அபாயம், பெயர் தெரியாத 'சிவப்பழகு' டப்பாக்கள். பக்கத்திலேயே கேரளத்தில் மலப்புரம் ஜில்லா, கோட்டக்கல்லில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிகள் கெட்டு ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். களிம்பைச் சோதித்ததில் பாதரசம் இருந்தது. எரிச்சல் தராத பொருள் என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. உள்ளடக்கமும், செய்தவர் விலாசமும், தயாரித்த தேதியும் அச்சிடாத டப்பாவைத் தொடவே வேண்டாம்.

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும், வெயிலைத் தடுக்காவிட்டால் மங்கு போகாது. நாகர்கோவில் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே பாகையில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும், உச்சிப்பொழுதுச் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். ஸ்கூட்டரில் போகிறவர் முகத்தில் அது எப்படி விழும் என்று சொல்லவும் வேண்டுமா? எஸ்.பி.எப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். எரியும் முகத்துக்கு, டைட்டானியம் டை-ஆக்ஸைடு அல்லது துத்தநாக ஆக்ஸைடு கலந்த தாது வகை நல்லது. அந்த டைட்டானியத்தின் மூலப்பொருளான இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில்தான் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைச் சாயலில் இருப்பதைவிட மாநிறம் கலந்த சன்ஸ்கிரீன் மங்குக்கு மேலானது. ஏனெனில் அதில் சேர்க்கும் இரும்பு ஆக்ஸைடு, அதாவது நம் காவிக்கல்லின் சாயம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் மறைக்கிறது. நம்மவர் சருமத்தை அந்த வெளிச்சமும் கறுக்கச் செய்யும்.

சகோதரி இப்போது செய்ய வேண்டியது இதுதான். மைனி அனுப்பிய புட்டியை எறிந்துவிட வேண்டாம். முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள். கருப்பட்டிப் பாகு போல் பழுத்திருந்தால், சென்னையிலிருந்து வரும் வழியிலேயே அது காற்றாலும் உஷ்ணத்தாலும் கெட்டிருக்கலாம். பின்பு அதன் உள்ளடக்கப் பட்டியலில் வாசனைப் பொருள், லிமொனீன், லினலூல் முதலிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, புதிதாக வாங்குவதில் அவை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 'ஹைப்போ-அலர்ஜெனிக்' என்ற மேலட்டை வார்த்தையை நம்ப வேண்டாம். அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவே அதற்குச் சட்ட வரையறை இல்லை என்று சொல்லியிருக்கிறது. புதிய பூச்சை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு, காலையும் மாலையும், ஏழு முதல் பத்து நாள் வரை பூசிப் பாருங்கள். தடிப்பும் அரிப்பும் இல்லையென்றால் முகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பிக்கலாம். அந்த மாதத்தில் வேறு புதிய பொருள் எதையும் சேர்க்கக் கூடாது. முழங்கையிலேயே தடித்துவிட்டால், பழைய புட்டியையும் புதியதையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் வைத்தியரைப் பாருங்கள். புட்டிகளை மறந்துவிட்டு வெறுங்கையோடு போனால், "என்ன பூசினீர்கள்?" என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இராது.