சமாதானம் ஆன பிறகு நடந்த சண்டை

தான்-நோ-உரா என்றால் நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் கை தூக்குவீங்க. 1185-ல் மினமோட்டோ, தைரா என்று இரண்டு சாமுராய் குலங்கள் கடலில் மோதியது, தோற்ற பக்கத்துக் குழந்தைப் பேரரசர் தண்ணீரில் மூழ்கியது எல்லாம் அத்துப்படி. அனிமே புண்ணியம், கேம் புண்ணியம். சரி, 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே என்ன நடந்தது? சத்தமே காணோம்.

பாகூர் பக்கத்திலிருந்து வர்றவங்களுக்குக் கடலூர் எவ்வளவு தூரம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அங்கே சுஃப்ரான் தலைமையில் 15 பிரெஞ்சு போர்க்கப்பல்கள், ஹியூஸ் தலைமையில் 18 ஆங்கிலப் போர்க்கப்பல்கள். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து இந்த இரண்டு பேரும் மோதிய ஐந்தாவது சண்டை இது. கரையில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கடலூர் கோட்டைக்குள் சிக்கியிருந்தது. சுஃப்ரானுக்குக் கப்பல் இருந்தது, ஆள் போதவில்லை. அதனால் கோட்டையிலிருந்தே 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஹியூஸின் மாலுமிகளை ஸ்கர்வி தின்றுகொண்டிருந்தது, குடிதண்ணீரும் தட்டுப்பாடு. வைட்டமின் சி இல்லாமல் ஒரு கடற்படையே படுக்கும் என்பதை எந்த வரலாற்று டீச்சரும் எனக்குச் சொன்னதில்லை.

பீரங்கி எல்லாம் கப்பலின் பக்கவாட்டில்தான். அதனால் இரண்டு தரப்பும் நீள வரிசையில் நின்று சுட வேண்டும். காற்று யார் பக்கம் என்பதற்காகவே சில நாள் ஆட்டம் காட்டினார்கள். பிறகு சுமார் மூன்று மணி நேரம் சுட்டார்கள். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. இரு பக்கமும் ஏறக்குறைய நூறு நூறு பேர் செத்தார்கள். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கோட்டை தப்பியது.

இப்போ கவனிங்க. ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தம் ஜனவரி 20-லேயே கையெழுத்தாகிவிட்டது. சரியாக ஐந்து மாதம் முன்னாடி! செய்தி கப்பலில் வந்து சேரும்போது ஜூன் கடைசி. அந்த இருநூறு பேரும் முடிந்துபோன போரில் செத்தவர்கள்.

அந்த செப்டம்பரில் வெர்சாய் ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. அதன் 14-வது பிரிவில் புதுச்சேரியோடு சேர்க்க வேண்டிய இரண்டு மாவட்டங்களின் பெயர் இருக்கிறது: வில்லியனூர், பாகூர். நம்ம ஊர் பேர்தான், வெர்சாயில் எழுதப்பட்டது! 1749-லேயே சந்தா சாகிப் காலத்து மானியமாக இவை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனவை, அப்புறம் ஒவ்வொரு போரிலும் கை மாறியவை. பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

பிரெஞ்சு பாரம்பரியம்னா நமக்கு மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலை செல்ஃபியும்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஸ்ஸில் போகும்போது புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்து, மறுபடி புதுச்சேரி வருதே, அந்தத் துண்டு துண்டான எல்லைதான் ஒயிட் டவுனை விடப் பெரிய பிரெஞ்சுக்கால மிச்சம். சுற்றுலாத் துறை நகரத்துக்குள் வைக்கும் பலகைகளில் ஒன்றை பாகூர் பஸ் நிறுத்தத்திலும், ஒன்றை வில்லியனூரிலும் வைக்கட்டும். 14-வது பிரிவைத் தமிழில் போட்டாலே போதும்.