குமிழி இல்லாத ஷாம்பெயின் ஊர் ஒயின்... சுவைப்பவருக்குக் குஷி, விவசாயிக்குக் கவலை!

ஷாம்பெயின் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கார் ரேஸில் ஜெயித்தவர் பாட்டிலைக் குலுக்கி நுரையைப் பீய்ச்சும் காட்சிதானே! ஆனால், பிரான்ஸின் வடகிழக்கில் உள்ள ஷாம்பெயின் பகுதியில் நுரையே வராத ஒயினும் தயாராகிறது.

அதன் பெயர் 'கோட்டோ ஷாம்பெனுவா'. 1974-ல் இதற்குத் தனிச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. மண் ஒன்றுதான்; ஷார்டனே, பினோ நுவார், முனியே என்று திராட்சை ரகங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். பிறகு எங்கே வித்தியாசம்?

குளிர்காலத்தில் நம் வீட்டு இட்லி மாவு பொங்காமல் அடம்பிடிக்கும் இல்லையா... அதே கதைதான். ஷாம்பெயினின் கடுங்குளிரில் ஒயின் புளிப்பது பாதியில் நின்றுவிடும். வசந்தம் வந்ததும் மறுபடி பொங்கும். அப்போது மூடிய பாட்டிலுக்குள் வாயு சிக்கிக்கொள்ள, பாட்டில்கள் வெடித்தன. 17-ம் நூற்றாண்டில் இது பெரிய தலைவலி! குமிழியைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் துறவி டோம் பெரினியோன்கூட, உண்மையில் அதைத் தடுக்கத்தான் பாடுபட்டார். இன்றோ பாட்டிலுக்குள் வேண்டுமென்றே இரண்டாம் முறை புளிக்கவைக்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வித்தியாசம் பளிச்செனத் தெரியும். ஷாம்பெயினில் குமிழியும் புளிப்பும் முந்திக்கொள்ளும். வருடக்கணக்கில் ஈஸ்ட்டோடு கிடந்ததால் ரொட்டி வாசனை பின்னால் வரும். பூஸி கிராமத்தின் சிவப்பு ஒயினில் குமிழியின் மறைப்பு இல்லை. செர்ரி போன்ற பழச்சுவை நேரடியாக நாக்குக்கு வந்துவிடும்.

குமிழி ஒயினுக்குப் புளிப்பான திராட்சை போதும். நுரையில்லாத ஒயினுக்கு நன்றாகப் பழுத்தது வேண்டும். முன்பெல்லாம் அங்கே அப்படிப் பழுப்பதே அபூர்வம். இப்போது பூமி சூடாவதால், இந்த ஒயின் முன்பைவிட ருசியாகிறது. செப்டம்பரில் நடந்துவந்த அறுவடை 2003, 2018, 2020, 2022 எனப் பல ஆண்டுகளில் ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்கிறீர்களா? அதே வெயில் ஷாம்பெயினின் உயிரான புளிப்பைக் குறைக்கிறது. அதனால்தான் கவலை. புகழ்பெற்ற ஷாம்பெயின் நிறுவனமான டெய்ட்டிங்கர், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நிலம் வாங்கி, 2017-ல் திராட்சைக்கொடி நட்டுவிட்டது. அங்கே எவ்வளவு அருமையாக விளைந்தாலும், அந்த பாட்டிலில் 'ஷாம்பெயின்' என்று அச்சிட முடியாது. அந்தப் பெயர் ஷாம்பெயின் மண்ணுக்கு மட்டுமே சொந்தம்.