துணையாகப் போகிறோமா, துரையாகப் போகிறோமா?

ஆண்டுதோறும் நம் பல்கலைக்கழக மாணவர்கள் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குச் செல்கின்றனர். தன்முனைப்பு முகாம், தேர்வு வழிகாட்டி, நூலகச் சீரமைப்பு எனப் பல பணிகள் நடக்கின்றன. இவை பாராட்டத்தக்கவையே. ஆனால், அந்தப் பணிக்குத் தலைமை தாங்குவது யார் என்று நாம் என்றாவது கேட்டதுண்டா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலக மேடையில் இக்கேள்வியை எழுப்பியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் பேசியது கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றி. நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும், அவர் கேட்ட கேள்வி நமக்கும் உரியது என்றே கருதுகிறேன்.

அக்காலத்தில் ஊழியத்தின் பணமும் ஆணையும் இலண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்தன. உள்ளூர்க்காரர் உழைப்பார், வெள்ளைக்காரர் முடிவெடுப்பார். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பிலேயே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவானது. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதே அதன் கொள்கை.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்த அவையில் முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. உதவி செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே சமமான நட்பு இல்லையே என்பதுதான் அவரது மனக்குறை. உதவியோடு தோழமையையும் தாருங்கள் என்று அவர் கேட்டது அவையில் பலருக்குக் கசந்தது. இரண்டே ஆண்டுகளில், 1912இல், அவர் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார்.

நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்க மெதடிஸ்டுகள் 1885இல் சிங்கப்பூரில் பணியைத் தொடங்கினர். 1895இல் ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளியை நிறுவினர். ஆனால், அந்தத் திருச்சபை அமெரிக்கத் தலைமையிலிருந்து விடுபட்டுத் தன் முதல் ஆசியப் பேராயராக யாப் கிம் ஹாவைத் தேர்ந்தெடுத்தது 1968இல்தான். எண்பத்து மூன்று ஆண்டுகள்! இன்று மலேசிய மெதடிஸ்டு திருச்சபையில் தமிழருக்கெனத் தனி மாநாட்டு அமைப்பு உண்டு. அதன் தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கின்றனர். 2024இல் தென்கொரியாவின் இன்சியோனில் நடந்த லோசான் மாநாட்டிற்கு ஏறத்தாழ 5,000 பேர் இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தனர். எடின்பரோவில் தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை என்றாலும் அவையின் முகம் மாறிவிட்டது.

நம் தோட்டங்களின் கதை என்ன? பங்களாவில் துரை, ஆபீசில் கிராணி, வெளிக்காட்டில் தண்டல். லயத்துக் கூரை ஒழுகினாலும் மேலேதான் சொல்ல வேண்டும். பேராக்கில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனையும் தாமான்களும் வந்தன. மக்கள் புந்தோங்கிற்கும் சுங்கை சிப்புட்டிற்கும் பெயர்ந்தனர். துரை போய்விட்டார். ஆனால், 'மேலேயிருந்து யாராவது வந்து செய்வார்கள்' என்ற எண்ணம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்த எண்ணத்திற்கு நாமே நீர் ஊற்றலாமா?

நான் பழைய தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஆறாம் ஆண்டில், அப்போதிருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக ஒரு மாணவர் குழு எங்களுக்கு முகாம் நடத்த வந்தது. எங்கள் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரான அக்காள் ஒருவர் இருந்தார். வாரந்தோறும் கோயில் மண்டபத்தில் காசு வாங்காமல் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர். முகாமன்று அவருக்குக் கிடைத்த வேலை தேநீர் ஊற்றுவது. மாலையில் பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு குழு கிளம்பியது. அடுத்த வாரம் மண்டபத்திற்கு வந்தவர் அந்த அக்காள்தான்.

"அவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். அன்று வெள்ளைக்கார மிஷனரிகள் பலரும் நம்மவரைப் பற்றி இதையேதான் சொன்னார்கள்! பொறுப்பைக் கொடுக்காமல் பக்குவம் எங்கிருந்து வரும்? பொறுப்பைப் பகிர்ந்தால் வேலை தாமதமாகும், கருத்து வேறுபாடு வரும், கோயில் கமிட்டிகளில் காணும் சண்டைகூட வரலாம். உண்மைதான். ஆனால், நாம் ஒரு நாளில் கச்சிதமாக முடித்துவிட்டு வரும் பணி மறுநாளே நின்றுவிடுகிறதே!

ஆகவே, அந்தச் சங்கத்தின் மூன்று அளவுகோல்களை நம் முகாம்களுக்கும் வைத்துப் பார்ப்போம். ஆள்: ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் அவ்வூர்க்காரராக இருக்கட்டும், நாம் செயலாளராக இருப்போம். பணம்: திரட்டிய நிதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒப்படைப்போம், கணக்கை இருதரப்பும் சேர்ந்து பார்ப்போம். நிர்வாகம்: எந்தப் பாடம், எந்த நாள் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மூன்றாம் ஆண்டில் நாம் விருந்தினராக மட்டும் போகும் நிலை வந்தால், அதுவே நம் வெற்றி.

முன்னாள் மாணவர்களே, நீங்கள் நன்கொடை அனுப்பும்போது இந்த மூன்று கேள்விகளையும் எங்களிடம் கேளுங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தை நாம் மட்டுமே பிடித்துக்கொண்டால், ஊர் ஓரமாய் நின்று வேடிக்கைதான் பார்க்கும்.