தெரிந்த பிழைக்கும் கணக்கு வேண்டும்

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் ஆணைகளின் தொகுப்பே மென்பொருள். பலர் சேர்ந்து பல ஆண்டுகள் எழுதும் பெரிய மென்பொருளில், ஓரிடத்தில் செய்யும் திருத்தம் வேறோர் இடத்தைக் கெடுத்துவிடலாம். நேற்றுவரை சரியாக நடந்த வேலை இன்று தவறினால் அதைப் ‘பின்னடைவு’ என்பர். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? சரியான விடை முன்பே தெரிந்த சிறு சோதனைகளை ஆயிரக்கணக்கில் எழுதி வைத்து, திருத்தம் செய்தபின் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லாச் சோதனைகளும் தேறிவிடுமா? தேறா. சில பிழைகளைத் திருத்த மாதங்கள் ஆகும். வேலையோ நிற்க முடியாது. 1987இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் மொழிமாற்றி மென்பொருளைப் பாருங்கள். மனிதர் எழுதும் ஆணைகளைக் கணிப்பொறிக்குப் புரியும்படி மாற்றுவது அதன் வேலை. அதன் சோதனை முடிவுகளில் ‘வெற்றி’, ‘தோல்வி’ என்பவற்றோடு ‘எதிர்பார்த்த தோல்வி’, ‘எதிர்பாராத வெற்றி’ என்னும் வகைகளும் உண்டு.

இது வேடிக்கையாகத் தோன்றுகிறதா? ஐம்பது பழைய தோல்விகள் இருப்பதாகக் கொள்வோம். இன்று ஒன்று திருந்தி, புதிதாக ஒன்று கெட்டால் எண்ணிக்கை அதே ஐம்பதுதான்! எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். பழைய தோல்விகளைப் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருந்தால் புதியது உடனே தெரியும். எதிர்பாராத வெற்றியையும் விட்டுவிடக் கூடாது. திருந்திய சோதனை பட்டியலிலேயே இருந்தால், அது மறுபடி கெடும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள்.

தோற்கும் சோதனையை நீக்கிவிடலாமே என்பர் சிலர். வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் தீருமா? பட்டியல் இருக்கட்டும். ஆனால் அது பிழைகளை மறக்கும் இடமாகிவிடக் கூடாது என்பதே என் கருத்து.

பழகிப்போன பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு விண்வெளித் துறையில் ஒரு சான்று உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் வெப்பத்தால் அரிக்கப்பட்டது 1981இலேயே தெரிந்தது. அரிப்பு சிறிதும் ஏற்படக் கூடாது என்பதே வடிவமைப்பு. ஆயினும் ஓடம் பத்திரமாகத் திரும்பவே, பின்னர் பல பயணங்களில் கண்ட அரிப்பும் ‘எதிர்பார்த்ததே’ ஆயிற்று. 1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் அந்த அடைப்பு தவறியது. புறப்பட்ட 73ஆம் விநாடியில் சேலஞ்சர் சிதறி எழுவர் உயிரிழந்தனர்.

ஆகவே, பட்டியலில் சேரும் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம், பொறுப்பாளர், மறுபடி பார்க்கும் நாள் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். புதிய பின்னடைவைப் பட்டியலில் சேர்க்க அவசரப்படலாகாது. அதைத் திருத்துவதே முதல் வேலை. ஜி.சி.சி. குழுவினரும் புதிய பதிப்பு வெளிவரும் முன் இறுதிக் கட்டத்தில் பின்னடைவுகளைத் திருத்துவதற்கே இடம் தருகிறார்கள். நேற்று ஓடிய வேலை இன்றும் ஓடும் என்று நம்பித்தானே மக்கள் புதிய பதிப்பை வாங்கிக்கொள்கிறார்கள்!

மாணவர்களே, நாளை நீங்களும் மென்பொருள் எழுதுவீர்கள். இந்தப் பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.