ஐந்தாம் நிலையும் பொங்கல் விடுமுறையும்

"உங்கள் குழு எந்த நிலை?" என்ற கேள்வி ஒரு காலத்தில் தரமணி, சிறுசேரிப் பக்கம்தான் கேட்கும். இப்போது காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வந்துவிட்டது. கார் உதிரிபாகத்துக்குள் சின்ன கண்ட்ரோலர் ஒன்று இருந்தாலே போதும், வாங்குகிறவர், மென்பொருள் செய்முறையை அளக்கும் ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸில் நம் நிலையைக் கேட்கிறார். முதலாளி நம்மைக் கூப்பிட்டு வேறொன்று கேட்கிறார்: "நிலை ஏறப் பணம் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமா?"

நேர்மையான பதில்: கொஞ்சம் முடியும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. குழு சிறிதானால் அந்தக் கொஞ்சமும் குறையும். செய்முறை முதிர்ச்சியின் பலனை நாம் தேட வேண்டிய இடம் வேறு.

இப்படி நிலை போட்டு அளக்கும் முறை வேகத்துக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனம் தொடங்கியது. வாட்ஸ் ஹம்ஃப்ரியின் சிந்தனையை அடித்தளமாகக் கொண்டு செய்முறை முதிர்ச்சியை ஒன்று முதல் ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் சிஎம்எம் 1991இல் வெளிவந்தது. எந்த ஒப்பந்ததாரர் சொன்னபடி முடிப்பார் என்று வாங்குகிறவர் எடைபோடுவதற்கான கருவி அது. இந்திய நிறுவனங்கள் அதைக் கடவுச்சீட்டாக ஆக்கிக்கொண்டன. பெங்களூரு மோட்டோரோலா பிரிவு 1990களின் முற்பகுதியிலேயே ஐந்தாம் நிலையைத் தொட்டது. 1998இல் விப்ரோ வந்தது. சென்னையின் போலாரிஸ், அடுத்து வந்த சிஎம்எம்ஐயின் ஐந்தாம் நிலையை உலகிலேயே முதலில் எட்டியதாக அறிவித்துக்கொண்டது. ஆர்டர்கள் வந்தன. ஆனால் அது விற்பனைக் கணக்கு. ஆள் ஒருவருக்கு எவ்வளவு வேலை நடந்தது என்பது தனிக் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பேரி போம் குழுவினரின் கோகோமோ 2 மதிப்பீட்டு முறை 161 திட்டங்களின் தரவில் அளவு திருத்தப்பட்டது. அந்தத் தரவிலேயே பிராட்ஃபோர்ட் கிளார்க், மற்ற காரணிகளின் பாதிப்பை நீக்கிவிட்டு முதிர்ச்சியை மட்டும் பிரித்துப் பார்த்தார். ஒரு நிலை ஏறினால் உழைப்பு 4 முதல் 11 சதவீதம் வரை குறைகிறது என்று 2000இல் எழுதினார். இந்த இடைவெளிக்குக் காரணம் நிரலின் அளவு. கோகோமோவில் முதிர்ச்சி, அளவின் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. பத்து லட்சம் வரி நிரலில் ஒரு நிலை ஏற்றம் சுமார் 10 சதவீதம் தரும். ஒரு லட்சத்தில் 7. பத்தாயிரத்தில் சுமார் 4தான். நம்மில் பலர் எழுதுவது எந்த வரிசையில் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இயந்திரங்களை இயக்கும் பிஎல்சியில் நாம் எழுதும் லேடர் லாஜிக்குக்கு அந்தத் தரவு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோகோமோவின் காரணி அட்டவணையில் இன்னொரு வரி நம் கண்ணில் பட வேண்டும். ஒரு லட்சம் வரித் திட்டத்தில், முதிர்ச்சியின் அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் உழைப்பில் 1.43 மடங்கு வித்தியாசம். ஆட்கள் நிலைத்திருக்கிறார்களா, அடிக்கடி மாறுகிறார்களா என்ற காரணிக்கு 1.59 மடங்கு. நல்ல இன்ஜினியரைத் தக்கவைப்பது, அடிமட்டத்திலிருந்து ஐந்தாம் நிலைவரை ஏறுவதைவிடப் பெரிய லாபம். இதை எந்த ஆலோசகரும் முதல் ஸ்லைடில் போடுவதில்லை.

அப்படியானால் ஐந்தாம் நிலை என்னதான் தருகிறது? மணீஷ் அகர்வாலும் கௌஷல் சாரியும் 2007இல் ஐந்தாம் நிலை நிறுவனங்களின் 37 திட்டங்களை ஆராய்ந்தார்கள். உழைப்பு, தரம், கால அளவு மூன்றையும் நிர்ணயித்தது பெரும்பாலும் நிரலின் அளவுதான். மற்ற காரணிகளின் ஆட்டம் அடங்கியிருந்தது. முதிர்ச்சி தருவது முன்கூட்டிச் சொல்லக்கூடிய தன்மை. தேதி சொன்னால் பெரும்பாலும் அதை ஒட்டியே முடியும்.

நம் தொழிலில் அந்தத் தன்மையின் விலை இரவு ஷிப்டில்தான் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருட்டாலை, பெயர் வேண்டாம். நள்ளிரவில் பிஎல்சியின் சிபியு போய்விட்டது. ஸ்டோரில் ஸ்பேர் இருந்தது. மாற்ற அரைமணி நேரம். ஏற்றுவதற்குப் புரோகிராம்தான் இல்லை. சர்வரில் கிடந்தது கமிஷனிங் காலத்துக் காப்பி. அதன்பிறகு செய்த மாற்றங்கள் எல்லாம், வேலையை விட்டுப் போன ஒருவரின் லேப்டாப்பில். விடியும்வரை நான் அங்கே உட்கார்ந்து டைமர்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அந்த மாற்றங்களைச் செய்தவர் மந்தமானவர் அல்ல; கெட்டிக்காரர், படுவேகம். அவர் மிச்சப்படுத்திய நேரம் முழுவதையும் அந்த ஓர் இரவு விழுங்கிவிட்டது. மாதத்துக்கு எத்தனை வரி என்று எண்ணும் எந்தக் கணக்கிலும் அந்த இரவு வராது.

ஆகவே சான்றிதழ் வாடிக்கையாளர் கேட்டால் வாங்குங்கள். ஆர்டருக்கான செலவு என்று எழுதுங்கள். கேட்காவிட்டாலும் மூன்று பழக்கங்கள் வேண்டும். ஒன்று, இயந்திரத்தில் ஓடுவதும் பெட்டகத்தில் இருப்பதும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். இரண்டு, யார், எதற்காக, எதை மாற்றினார் என்று மாற்றிய அன்றே ஒரு வரி எழுத வேண்டும். மூன்று, ஒரே பழுதுக்கு எத்தனை முறை போனோம் என்று எண்ண வேண்டும். இதற்குமேல் ஒழுங்கு தேவைப்படும் சிறு குழுக்களுக்கு, 25 பேர் வரை உள்ளவர்களை மனதில் வைத்தே உருவாக்கிய ஐஎஸ்ஓ 29110 இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் சட்டையை வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிலையை அளக்க நம்மிடமே ஒரு தேர்வு உண்டு. பொங்கலுக்கு, புரோகிராம் எழுதியவர் ஊருக்குப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. லைன் நிற்கிறது. ஷிப்டில் இருக்கிறவர் தனியாக எழுப்பிவிடுவாரா? பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, ஓடும் புரோகிராமையும் சேமித்த காப்பியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை இடத்தில் வித்தியாசம் இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டோம்.