தேடினால் கிடைக்கும் புற்று

எந்தப் புற்றுநோயையும் முளையிலேயே கண்டுபிடித்தால் உயிர் தப்பும் என்று பலரும் நம்புகிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுக்கு அது உண்மை. அதையே குழந்தைகளின் தைராய்டுக்கும் நீட்டியதுதான் தவறு. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுஉலை விபத்து நடந்த 2011ஆம் ஆண்டு அக்டோபரிலேயே, அந்த மாகாணத்துப் பிள்ளைகள் அனைவரின் கழுத்தையும் ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். முதல் சுற்றில் பார்த்த சுமார் 3 லட்சம் பேரில் 116 பேருக்குப் புற்று, அல்லது புற்றோ என்ற சந்தேகம். கதிர்வீச்சுதான் காரணம் என்று பலரும் பதறினார்கள். ஆனால் செர்னோபிலில் புற்று பெருகியது விபத்து நடந்து நாலைந்து ஆண்டுகள் கழித்து. அதிகம் அடிபட்டவர்கள் கதிர்வீச்சு அயோடின் கலந்த பாலைக் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள். ஃபுகுஷிமாவின் முதல் சுற்றில் அகப்பட்டவர்களிலோ, விபத்தின்போது 5 வயதுக்குள் இருந்த ஒருவரும் இல்லை. தொலைவிலுள்ள அவோமோரி, யமனாஷி, நாகசாகியில் 4,365 பிள்ளைகளைச் சோதித்தபோது அங்கும் ஒருவருக்குப் புற்று இருந்தது. ஒருவரை வைத்து விகிதம் கணக்கிட முடியாதுதான். ஆனால் தேடிய இடத்திலெல்லாம் அது கிடைக்கிறது.

தென்கொரியா இதைப் பெரியவர்களிடம் பார்த்துவிட்டது. 1999க்குப் பிறகு அங்கே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு தைராய்டு ஸ்கேனும் பரவியது. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்று 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறந்தவர்களின் விகிதமோ அசையவே இல்லை. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்குப் பாராதைராய்டு சுரப்பி பழுதுபட்டது, 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்தது. தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க தினமும் மாத்திரை. 60 வயதில் அதைத் தொடங்குவது வேறு, 14 வயதில் தொடங்குவது வேறு.

ஃபுகுஷிமாவில் அறுவை செய்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நிணநீர்க் கணுவரை பரவியிருந்ததே, அது தேவையற்ற அறுவையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிறுவர்களின் தைராய்டில் வழக்கமாக வரும் பாப்பிலரி வகைப் புற்று கணுக்களுக்குப் பரவுவது வழக்கம். பெரியவர்களின் மற்றப் புற்றுகளைப்போல அது சாவுக்கு அறிகுறி அல்ல. செர்னோபில் கதிர்வீச்சுக்குச் சிறுவயதில் ஆளானவர்களில் 2005 வரை 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்று வந்தது. அதில் இறந்தவர்கள் 15 பேர். அணுஉலை விபத்துக்குப் பிறகும் ஊர் முழுவதையும் ஸ்கேன் செய்யவேண்டாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் பரிந்துரைத்ததன் பொருள் இதுதான். அப்படியானால் கட்டியைக் கண்டும் காணாமல் இருப்பதா? கூடாது. குழந்தையின் தைராய்டில் கட்டி தென்பட்டால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம், ஏறக்குறைய நான்கில் ஒன்று. அங்கே ஸ்கேனும் வேண்டும், ஊசிப் பரிசோதனையும் வேண்டும், தைராய்டு அறுவையில் நிறைய அனுபவமுள்ள மருத்துவரும் வேண்டும். கழுத்தில் முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளையும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று உள்ள பிள்ளைகளையும் காத்திருக்காமல் சோதிக்கவேண்டும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு, 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று தைராய்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால் செய்யாதீர்கள்.